கலாசாலை மாணவர்களும் கிராமக் குழந்தைகளும்

செஞ்சியை அடுத்த தொண்டூரில், பாறையொன்றின் நிழலில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு வாசகம் வெட்டப்பட்டிருக்கிறது. அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டினது என்பது ஆராய்ச்சியாளர் அபிப்பிராயம். இருக்கையைச் செய்த மோசி என்பவனின் பெயர்கூட அதில் காணப்படுகிறது. ஏறக்குறைய 1,700 வருஷங்களுக்கு முன்பே எழுத்து குடியேறிய பூமி இது. இப்பூமியில், ஐந்தாம் வகுப்புக்கு வந்த பின்னும் பாடப் புத்தகத்தில் நாலு வரியைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்க இயலாத குழந்தை ஒன்றே ஒன்று இருந்தாலும், அது அக்குழந்தையின் குற்றமாகுமா? நம் அனைவருடைய குற்றமுமாகும் என்று நாம் சொல்லத் தயங்கவில்லை.

மாலையில் பள்ளிக்கூட மணி அடித்ததும் குழந்தைகள் வீடு திரும்புகிறார்கள். வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளை ட்யூஷனுக்குப் போகிறான். கரும்பு வெட்டப் போன தாயும், செங்கல் சூளைக்குப் போன தகப்பனும் திரும்பாத வீட்டில் குழந்தையின் பாடத்தைக் கேட்பார் யார்? அதே வேளையில், திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் பஸ்களில் கலாசாலை மாணவர்களும் கிராமத்துக்கு வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் கலாசாலை வாசலை முதன்முதலாக மிதித்தவர்கள். தெருவின் ஒரு கோடியில் கற்றவன். மறு கோடியில் கற்க ஏங்கும் குழந்தை. இவ்விருவரையும் சேர்த்து வைப்பதைவிடச் சிறந்த தேசத் தொண்டு இன்று என்ன இருக்கிறது?

இது புதிய யோசனையன்று. மகாத்மா காந்தி 1945-ல் திருத்தி வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் மாணவர்களுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கினார். அவருடைய நூற்றாண்டு வருஷமான 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. அத்திட்டத்தில் சேர்ந்த மாணவன் வருஷத்துக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டுமென்பது விதி. அதன்றி ஏழு நாள் முகாமும் உண்டு. முகாம்களை நாம் பழிக்கவில்லை. ஆனால், கோயில் மதிலுக்கு வெள்ளையடித்து, பதாகை பிடித்து ஊர்வலம் வந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால், எட்டாம் நாள் அக்கிராமத்துக் குழந்தைக்கு மிஞ்சுவது என்ன? 120 மணி நேரம் என்பது, நாளுக்கு ஒரு மணியாக 120 மாலைகள். நம் மொழியின் 247 எழுத்துக்களையும் ஒரு குழந்தைக்குக் கற்பித்து, கதைப் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட இவ்வளவு மாலைகள் போதாவா?

போதும் என்பதற்கு நம் ஜில்லாவே சாக்ஷி. கொரோனா நோயினால் பள்ளிகள் மூடிக் கிடந்து குழந்தைகள் கற்றதையும் மறந்த சமயத்தில், 2021 அக்டோபர் 27-ந் தேதி மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2 லட்சம் தொண்டர்கள் முன்வந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகை; அதாவது மாலை ஒன்றுக்கு நாற்பது ரூபாய்க்குமேல் அதிகம் தேறாது. திண்ணையிலும் மரத்தடியிலும் வகுப்புகள் நடந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த பொருளாதார நிபுணர்கள், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்றும், மீண்டதில் நூற்றுக்கு 24 பங்கு இம்மாலை வகுப்புகளின் பயனென்றும் கண்டார்கள். ஏழைக் குழந்தைகளே அதிகப் பயன் பெற்றார்கள் என்பதும் அவர்கள் கண்ட உண்மை.

ஆக்ஷேபணைகள் எழாமலில்லை. தொண்டர்களைக் காட்டி உபாத்தியாயர் நியமனத்தைக் குறைத்துவிடுவார்கள் என்றனர் சிலர். இந்தப் பயம் நியாயமானதே. காலியாயுள்ள உபாத்தியாயர் ஸ்தானத்துக்குக் கலாசாலை மாணவன் ஈடாக மாட்டான். பகலில் சர்க்கார் செய்ய வேண்டிய கடமையை, மாலையில் வாலிபர் செய்யும் தொண்டைக் காட்டித் தட்டிக் கழிக்க நாம் இடங்கொடுக்கலாகாது. வகுப்பின் பெயரால் பேதங்களை வளர்க்கும் கொள்கைகள் நுழைந்துவிடும் என்றனர் வேறு சிலர். வகுப்பு ஊரார் கண்ணெதிரே பொது இடத்தில் நடக்கட்டும். பெற்றோர் வந்து கேட்கட்டும். அதைவிடச் சிறந்த காவல் இல்லை.

இவற்றைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் ஜில்லாவில் தொண்டர்கள் நடத்திய வாசிப்பு வகுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2010-ல் வெளியாயிற்று. வகுப்புக்கு வந்த குழந்தைகள் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைந்தார்கள். ஆனால் அக்கிராமங்களின் குழந்தைகளில் வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேரே! விளக்கேற்றி வைத்துவிட்டு, வருகிறவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால், ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவனே முன்வரிசையில் வந்து அமர்வான். ஆடு மேய்க்கிறவனும், தங்கையை இடுப்பில் சுமப்பவளும் வரமாட்டார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

எங்கே வகுப்பு நடத்துவது என்பதும் சிறிய கேள்வியன்று. ஊர்த் தெருவின் கோயில் மண்டபத்தில் நடத்தினால் காலனிக் குழந்தை வாசலோடு நின்றுவிடக்கூடும். காலனியில் மட்டும் தனியாக நடத்தினால் பிரிவினைக்கு நாமே வேலி கட்டியவர்களாவோம். பள்ளிக்கூடக் கட்டிடமோ நூலகமோ, எல்லோருக்கும் உரிமையான இடத்தில்தான் நடத்த வேண்டும். காலனியில் பிறந்து கலாசாலையில் படிக்கும் பெண் முன்னால் நின்று கற்பிக்க, ஊர்த் தெருக் குழந்தைகள் எதிரே அமர்ந்து கற்கட்டும். அந்த ஒரு மணி நேரம் நூறு மேடைப் பிரசங்கங்களுக்குச் சமானம்.

கோடை விடுமுறையில் புத்தகத்தையே மறுபடி திணிக்க வேண்டாம். 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகாரம் பெற்ற செஞ்சிக் கோட்டை கண்ணெதிரே நிற்கிறது. அதன் நெற்களஞ்சியத்தை அளந்து கொள்ளளவைக் கணக்கிடட்டும். 1677-ல் சிவாஜி கைப்பற்றிய கதையைக் கேட்டுத் தம் சொந்த வார்த்தையில் எழுதட்டும். தொண்டூர்ப் பாறையின் எழுத்தைப் பார்த்து, இன்றைய எழுத்தோடு ஒப்பிட்டு வரையட்டும். தன் ஊரை அறியாத குழந்தைக்குத் தேசம் வெறும் படமாகவே இருக்கும்.

சர்வகலாசாலைகளுக்கு நமது யோசனை இது: மாணவனின் தொண்டு நேரத்தை முகாமில் செலவிட்ட நாட்களைக்கொண்டு மட்டும் அளவிட வேண்டாம். அவன் கைபிடித்து வாசிக்க வைத்த குழந்தைகளைக்கொண்டு அளந்து, அதற்குரிய மதிப்பெண்ணும் அளியுங்கள். பஸ் செலவையும் ஊக்கத் தொகையையும் தவணை தவறாமல் கொடுப்பது சர்க்காரின் கடமை.

இதை வாசிக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டங்களுக்கு ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு தெருவில் வாசிக்கத் தெரியாத குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கத் தெரியாதா? இந்த வாரமே உங்கள் ஊரில் அந்தக் கணக்கை எடுங்கள். கலாசாலையில் படிக்கும் இரண்டு வாலிபர்களைக் கூப்பிட்டு, அந்தக் குழந்தைகளின் பெயர்களை அவர்கள் கையில் கொடுங்கள். 120 மாலைகளுக்குப் பின், அக்குழந்தைகளே எதிரில் நின்று உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.