உயரம் ஒரு பெருமையா?

இத்தாலியின் வடமேற்கு மூலையில், மோன் பிளாங்க் மலையடிவாரத்தில், ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் மோர்ஜே என்று ஒரு சிற்றூர். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது ஒன்றுதான்: ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் இருக்கிற திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் விஸ்பர்டெர்மினென் என்ற கிராமமும் இதே பட்டத்துக்கு உரிமை கொண்டாடுகிறது. இரண்டு ஊரும் அளவுகோலை வைத்துக்கொண்டு சண்டை போடட்டும். உயரம் மலை போட்ட பிச்சை. அதில் மனிதனுக்கு என்ன பெருமை?

மனிதன் செய்திருப்பது வேறு. 900 மீட்டருக்கு மேலே குளிர் சாமானியமானதல்ல. அதனால் கொடியைத் தரைக்குச் சற்று மேலே, தாழ்ந்த பந்தலில் படரவிடுகிறார்கள். பகலில் மண் வாங்கி வைத்த வெயில் இரவில் காய்க்குக் கிடைக்கவேண்டும். காற்று கொடியை முறித்துவிடக் கூடாது. கொடிக்குச் சௌகரியம்தான், ஆளுக்கு இடுப்பு ஒடிகிறது. கவாத்தும் அறுவடையும் குனிந்தோ மண்டியிட்டோதான் நடக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிற்று. பெரிய பெரிய மாளிகைத் தோட்டங்களே அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டுப் பிழைத்தன. மோர்ஜேயின் ப்ரியே பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையோ இன்றும் சொந்த வேரில் நிற்கிறது.

"கட்டாத விவசாயம், விட்டுத் தொலைக்கலாமே!" என்பார்கள் கணக்குப் புலிகள். பக்கத்துக் கூர்மாயோரில் பனிச்சறுக்கு ஓட்டல்கள். 1965ல் மலையைக் குடைந்து பிரான்சுக்குச் சுரங்கப்பாதை. முதுகு வலிக்காத சம்பளம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது எவன் மண்டியிடுவான்? இருந்தும் 1983ல் சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, தங்கள் ஒயினைத் தாங்களே இறக்கி விற்கத் தொடங்கினார்கள்.

மதுவைப் பற்றி எழுதுகிறேனே என்று முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேசுவது குடியைப் பற்றியல்ல, கூலியைப் பற்றி.

மலையேறி வந்து, தோட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டு, "அடடா, அதிசயம்!" என்று உருகிவிட்டு, புட்டியின் விலையைக் கேட்டதும் "ஒரு வெள்ளை ஒயினுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசும் பேர்வழிகள் எல்லா ஊரிலும் உண்டு. கைதட்டக் காசு செலவில்லை. கூலி கொடுக்க மனமில்லாதவன்தான் உழைப்புக்கு அதிசயம் என்று பெயர் வைக்கிறான்.