புத்தகத்தில் கழிந்த காசு

முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவுப் பக்கம் வங்கிப் புத்தகத்தில் தெரியாத கழிவு ஒன்று விழுந்தால் பெரும்பாலானோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். காரணம் இல்லாமலில்லை. 2009 மே மாதம் அங்கிருந்து வெளியே வந்தவர்கள் உயிரைத்தான் கொண்டுவந்தார்கள். தமிழீழ வைப்பகத்தில் வைத்த காசும் நகையும் போனதுதான். அத்தனையும் இழந்தவருக்கு 100 ரூபா ஒரு விடயமா? 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்து விரட்டப்பட்ட நம்மவர்களிடமும் இதே மனநிலையைக் காண்கிறேன்.

கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. வங்கி எழுதும் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அது ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்தாக இருப்பதால்தான் நமக்குப் பிடிபடுவதில்லை. சிறிய தொகை மாதாமாதம் வந்தால் குறுஞ்செய்திக் கட்டணமாக இருக்கலாம். ஆண்டுக்கொரு முறை என்றால் ஏ.டி.எம். அட்டைக் கட்டணமாக இருக்கலாம். வேறு வங்கியின் இயந்திரத்தில் காசு எடுத்தாலும் கழியும். தேவையில்லாத சேவையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தால் கழிவும் நிற்கும். அட்டையால் சாமான் வாங்கிய இடத்தில் கடையின் பலகையில் ஒரு பெயர், கூற்றில் அதன் கம்பனிப் பெயர் என்று இருப்பதும் உண்டு. பற்றுச்சீட்டின் திகதியையும் தொகையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு கழிவு பெரியது. நிறுத்திவைத்தல் வரி. வட்டியில் 5 வீதமாகப் பிடிக்கப்பட்டது 2025 ஏப்ரல் முதல் 10 வீதமானது. வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசை நிலையான வைப்பில் போட்டுவிட்டு அதில் சீவிக்கும் ஒரு விதவைத் தாய்க்கு ஆண்டுக்கு 40,000 ரூபா வட்டி வந்தால் 4,000 ரூபா போய்விடும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். நமக்கு வட்டி கூடாது. ஆனால் புத்தகத்தை நீட்டி விபரம் கேட்கும் அயலவருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதில் தடையேதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மீதி முழுவதுமே இல்லாமற் போயிருந்தாலும் பதறத் தேவையில்லை. 10 ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் வங்கிச் சட்டப்படி மத்திய வங்கிக்குப் போகும். 2009இல் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு அதன்பின் வங்கிப் பக்கமே போகாதவர்களின் கணக்கு 2019இல் இந்த நிலைக்கு வந்திருக்கும். அது பறிமுதல் அல்ல. உரியவரோ, மர்ஹூம்களின் வாரிசுகளோ அடையாளத்தை நிரூபித்து அதே வங்கி மூலம் கேட்டுப் பெறலாம்.

நம் வியாபாரிகளிடம் ஒரு பழக்கம். வட்டி எழுதியிருப்பதைப் பார்க்கவே பிடிக்காது என்று கூற்றையே பிரிக்காமல் மேசைக்குள் போட்டுவிடுகிறார்கள். பேணுதல் நல்லதுதான். ஆனால் கழிவது அந்த வட்டிக் காசு மட்டுமா? முதலும் சேர்ந்தல்லவா கழிகிறது! கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது, சூரா பகராவின் 282. எழுதியதைப் பார்க்காமல் விடுவது எந்த வகைப் பேணுதல்?

வாங்காத சாமானுக்குப் பணம் போயிருந்தால் நாளை பார்ப்போம் என்றிருக்கக் கூடாது. உடனே வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள், பிறகு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவருக்கும் சொல்லாதீர்கள். முறைப்பாட்டின் பிரதியில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கி வையுங்கள். கிளையில் சரியான பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அப்போது அந்தப் பிரதி கையில் இருக்கட்டும்.