'மிகையாகப் போற்றப்பட்டது' – யாரால்?

பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' 1967 மே மாத இறுதியில் வெளிவந்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003இலும் 2012இலும் அதற்கே முதலிடம். 2020இல் புதியவர்கள் பலர் வாக்களித்தபோது 24ஆம் இடம்.

ரசனை அவரவர்க்கு என்று சொல்லி வழக்கை முடித்துவிடலாம். சொற்பொருளியலில் இந்நிலைக்குப் 'பிழையற்ற முரண்பாடு' என்று பெயர். 'இது சுவையானது' என்கிறார் ஒருவர், மறுக்கிறார் மற்றவர். இருவரும் முரண்படுகின்றனர், எவரும் தவறிழைக்கவில்லை. பீட்டர் லேசர்சோன் 2005இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இப்புதிர் குறித்து ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. தமிழோ இதில் பாதியை வேற்றுமை உருபிலேயே அவிழ்த்து வைத்திருக்கிறது. 'பிடிக்கும்' என்ற வினை 'எனக்கு', 'அவளுக்கு' என நான்காம் வேற்றுமையில் ஒருவரை வேண்டி நிற்கும். வெளிப்படச் சொல்லாவிட்டாலும் அவர் அங்கே இருப்பார். 'சிறந்தது' என்பதற்கு அந்தக் கட்டாயமில்லை. தீர்ப்பு நிற்கும், தீர்ப்பளித்தவர் மறைந்துவிடுவார்.

ஆனால் பெப்பர் பற்றிய சண்டையில் பெரும்பகுதி பிழையற்ற முரண்பாடே அன்று. முதலாவதாக, சண்டையிடுவோர் ஒரே பொருளைக் கேட்டிருப்பதில்லை. பீட்டில்ஸ் கலைஞர்கள் உடனிருந்து அக்கறையோடு உருவாக்கியது மோனோ ஒலிக்கலவை. ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடிக்கப்பட்டது. 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாடல் மோனோவில் சற்று விரைவாகவும் ஏறத்தாழ அரைச்சுரம் மேலேயும் ஒலிக்கிறது. 1987இல் வந்த குறுந்தகடு ஸ்டீரியோவையே தந்தது. அதை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர் அப்பாடலை இழுவை என்று சொன்னால், அது ரசனைக் குறைவாக இருக்கவேண்டியதில்லை. அவர் கேட்டது உண்மையிலேயே மெதுவானது.

இரண்டாவது சிக்கல் 'மிகையாகப் போற்றப்பட்டது' என்ற தொடரில் இருக்கிறது. செயப்பாட்டு வினை, எழுவாயாக நிற்பது ஆல்பம், போற்றியவர் யாரென்ற குறிப்பே இல்லை. பார்வைக்கு இசை பற்றிய கூற்று. உண்மையில் பிற கேட்போர் பற்றிய கூற்று. 1967 ஜூனில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன் எழுதிய கடுமையான மதிப்புரை அப்படிப்பட்டதன்று. ஒலி உத்திகளும் வாத்திய அலங்காரங்களும் பாடல்களை மூடிவிட்டன என்று அவர் ஆல்பத்தையே குற்றஞ்சாட்டினார். 'எ டே இன் த லைஃப்' பாடலை மட்டும் விலக்கிப் பாராட்டினார். அதை ஏற்கலாம், மறுக்கலாம்; இரண்டுக்கும் இசைத்தட்டைத் திரும்பக் கேட்டாக வேண்டும். இன்றைய 'மிகை' வாதத்திற்கு அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை.

கேட்போர் மிகக் கூர்மையாகப் பிரியும் இடம் இரண்டாம் பக்கத்தின் முதற்பாடலான 'விதின் யூ விதவுட் யூ'. சிலருக்கு அதுவே ஆல்பத்தின் உச்சம். பலருக்குத் தாண்டிச் செல்லவேண்டிய ஐந்து நிமிடம். தாண்டுவோர் சொல்லும் காரணம், பாடல் நகரவில்லை என்பது. சுருதி ஒரே இடத்தில் நிற்கிறது என்பது சரியே. ஸ்வரக்கோர்வைகள் மாறினால்தான் நகர்வு என்பது ராக் இசையின் இலக்கணம். இப்பாடல் வேறோர் இலக்கணத்தில் அமைந்தது. இதன் நகர்வு தில்ரூபாவின் இழைவில் இருக்கிறது. இடையிசையில் தாளம் ஐந்தின் கணக்குக்கு மாறுவதில் இருக்கிறது. மெட்டு கமாஜ் தாட்டையும், கர்நாடக இசை பழகிய செவிக்கு ஹரிகாம்போஜியையும் நினைவூட்டும். அதற்காக இந்தியச் செவிக்குத் தனித் தீர்ப்புரிமை கிடைத்துவிடாது. ராக விரிவுக்குப் பழகியவர் இதைப் போதாத சுருக்கம் என்று குறைகூறக்கூடும். அதுவும் வேறோர் இலக்கணத்தை இங்கே தேடுவதே.

இப்பாடலில் பங்கேற்ற ஒரே பீட்டில் ஜார்ஜ் ஹாரிசன். மேற்கத்தியத் தந்தி வாத்தியங்களை ஒருங்கிணைத்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். இந்திய வாத்தியங்களை வாசித்தவர்கள் லண்டனின் ஏஷியன் மியூசிக் சர்க்கிள் வழியாக வந்த கலைஞர்கள். அவர்கள் பெயர் ஆல்பத்தின் உறையில் இல்லை. அதே உறையின் முகப்பில் பரமஹம்ச யோகானந்தர் உட்பட நான்கு இந்திய யோகியரின் முகங்கள் உண்டு. காந்தியின் உருவமும் வைக்கப்பட்டு, ஒலிப்பதிவு நிறுவனம் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது. இந்தியாவின் முகங்களுக்கு இருந்த இடம் அதன் விரல்களுக்கு இல்லை. ஆல்பத்தின் சிறப்பு பற்றிய இருதரப்பு வாதங்களிலும் இந்தக் குறை அரிதாகவே எழுப்பப்படுகிறது. தரவரிசை அவ்வளவு கவனத்தை விழுங்கிவிட்டது.

பொன்விழா ஆண்டான 2017இல்தான் நால்வரின் பெயர்களும் ஒருசேரப் பரவலாகத் தெரியவந்தன: தில்ரூபா – அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார், தம்பூரா – புத்ததேவ் கன்சாரா, தபலா – நட்வர் சோனி.