சிவப்புச் சால்வியா பூக்க வேண்டுமா?

ஊட்டிக்குப் போய் வந்தவர்கள், பூங்காவில் பாத்தி பாத்தியாகச் செக்கச் செவேலென்று நிற்கும் சால்வியாவைப் பார்த்து மயங்காமல் திரும்புவதில்லை. "நம் வீட்டு வாசலிலும் இப்படி நாலு செடி இருந்தால்!" என்று ஆசை பிறக்கிறது. நாற்றுப் பண்ணையிலிருந்து செடி வருகிறது. பதினைந்தே நாளில் தலை தொங்கிவிடுகிறது. "மலையில் வளருகிற செடி, கீழே எங்கே பிழைக்கப் போகிறது?" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

பாவம், செடியின் மேல் வீண் பழி! பிரேஸிலைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் சால்வியா, நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டைத் தொட்டுப் பாருங்கள். துளசியைப் போலவே நான்கு பட்டையாக இருக்கும். தை, மாசியில் சமவெளியிலும் அழகாகப் பூக்கும். குளிர் நாளில் அதைக் கொல்வது பெரும்பாலும் வெயில் அல்ல. வேரில் தேங்கும் தண்ணீர்தான்.

களிமண்ணில் நீர் எளிதில் வடியாது. நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது; ஆகவே செடி வாடுகிறது. நாமோ தாகம் என்று எண்ணி இன்னும் இரண்டு செம்பு ஊற்றுகிறோம். அத்துடன் கதை முடிந்தது!

ஆகையால், செடி வாங்குமுன் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி ஆழம் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் நாலைந்து மணி நேரம் கழித்தும் நின்றால், அங்கே அரையடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போடுங்கள்.

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய எரு 1 பங்கு கலந்தால் போதும். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணமும் ஆகாது, வேர் கருகும். எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும், பூ குறையும். தொட்டியில் வைப்பதானால் அடியில் துவாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விதை போடுவதானால், ஐப்பசியில் மழை படாத தாழ்வாரத்தில் போடுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே மண்ணால் மூடாமல் லேசாக அழுத்திவிடுங்கள். நாற்று நாலைந்து ஜோடி இலை விட்டு, அடைமழையும் ஓய்ந்த பிறகு, ஓரடி இடைவெளியில் நடுங்கள். காலை வெயில் நன்றாகப் படட்டும். பிற்பகலில் சற்று நிழல் இருந்தால் நல்லது. நுனியை ஒரு முறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும்.

தினம் தண்ணீர் ஊற்றுமுன் விரலை ஓரங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பூவாளியைத் தொடாதீர்கள். அந்த ஒரு பொறுமை இருந்தால் போதும், தை மாதத்தில் உங்கள் வாசலைப் பார்ப்பவர்கள், "ஊட்டியிலிருந்தா கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்!