குடியானவர்களும் விருக்ஷத் தோட்டங்களும்

உழவு மாடு வாங்கச் செல்லும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். விதை நெல் வாங்குவோரும் அது விளைந்த வயலைக் கேட்டறிந்தே வாங்குவர். ஆனால் மரக்கன்று விஷயத்தில் மாத்திரம் இவ்வளவு எச்சரிக்கை காணப்படுவதில்லை. வண்டியில் எந்தக் கன்று வந்து இறங்குகிறதோ அதுவே வரப்பிலும், ஏரிக்கரையிலும், சாலையோரத்திலும் நடப்படுகிறது. நெல்லில் நேர்ந்த தவறு ஒரு போகத்தில் தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். மரத்தில் நேர்ந்த தவறு இருபது வருஷங்களுக்குப் பின்னரே தெரியும். அப்பொழுது அதன் நஷ்டத்தை அனுபவிப்பவன், நட்டவனுடைய மகன். ஆகவே, மரம் நடுமுன் அதே மரம் வளர்ந்து முதிர்ந்த நிலையில் எப்படியிருக்கிறது என்று கண்ணாரக் காண்பது அவசியம். அப்படிக் காண்பதற்குரிய இடங்களே தாவரத் தோட்டங்களும் விருக்ஷத் தோட்டங்களும். அவற்றைப் பொழுதுபோக்கு ஸ்தலங்கள் என்று எண்ணி நம்மவர் ஒதுக்கிவிடுவது பெரும் பிழை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இத்தோட்டங்கள் ஆதியில் உல்லாசத்திற்காக ஏற்பட்டவையல்ல. கல்கத்தாத் தோட்டம் 1787-இலும், இலங்கையில் பேராதனைத் தோட்டம் 1821-இலும், உதகமண்டலத் தோட்டம் 1848-இலும் உண்டாயின. பயன்தரும் அயல்நாட்டுச் செடிகளை முதலில் சிறு அளவில் வைத்துப் பார்த்து, பின்னர் நாட்டில் பரப்புவதே அவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்றாயிருந்தது. பிரேஸில் தேசத்து ரப்பர் விதைகள் 1876-இல் லண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குச் சென்று முளைத்து, அக்கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொட தோட்டத்தில் வளர்ந்த பின்னரே அந்நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. உதகமண்டலத் தோட்டத்தை அமைத்த மக்கைவர் என்பவரே, குளிர் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தை 1860-க்குப் பின் நீலகிரியில் பயிராக்கும் வேலையையும் கண்காணித்தார்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள நம் பகுதிக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் வைத்தார். சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பது அவர் நோக்கம். அதே சைதாப்பேட்டையில் 1865-இல் சர்க்கார் பரீக்ஷைப் பண்ணையும், 1868-இல் விவசாயப் பள்ளிக்கூடமும் ஏற்பட்டன. இவ்விவசாயக் கல்வி 1906-இல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது.

நிற்க, செடிகளைத் தேசம்விட்டுத் தேசம் கொண்டுவந்ததில் நன்மையோடு தீமையும் கலந்தே வந்தது என்பதை மறைக்கலாகாது. சாயத் தொழில் நிலைக்கவில்லை. ஆனால் பல வழிகளில் வந்த சப்பாத்திக்கள்ளிகள் நாடெங்கும் பரவி, மேய்ச்சல் நிலத்தையும் வரப்புகளையும் விழுங்கின. 1795-இல் உண்மையான சாயப்பூச்சி என்று தவறாக எண்ணிக் கொண்டுவரப்பட்ட ஒரு பூச்சி, நல்ல சாயம் தராமல் ஒரு ஜாதிக் கள்ளியை மாத்திரம் தின்று அழித்தது. அதைக் கண்டு, 1860-களில் தென்னிந்தியாவில் அப்பூச்சியைக் கள்ளி ஒழிப்பதற்கென்றே விட்டார்கள். அது தொடாத மற்றொரு ஜாதிக் கள்ளியோ, 1926-இல் வேறொரு பூச்சியைத் தருவித்து விட்ட பின்னரே அடங்கியது. ஒரு செடியை அறியாமல் பரப்பி, அதைக் கட்டுப்படுத்த நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது!

1870-களில் விறகுக்காக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலத்தைப் பற்றிக் குடியானவர்களுக்கு யாம் சொல்லவேண்டியதில்லை. அதை அகற்றும்படி உயர் நீதிமன்றமே உத்தரவிடவேண்டிய நிலை வந்தது. இவற்றால் விளங்குவது யாதெனில், விருக்ஷத் தோட்டத்திற்குச் செல்பவர் அங்கே அழகாயிருப்பதையெல்லாம் ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படலாகாது. எதைக் கொண்டுவரக் கூடாது என்று அறிந்து திரும்புவதும் ஒரு லாபமே.

இனி, எந்தத் தோட்டத்தைப் பார்ப்பது? தோட்டம் என்றதும் உதகமண்டலமே யாவர் நினைவிற்கும் வருகிறது. அது காணத்தக்க இடமே; சந்தேகமில்லை. ஆனால் அது கடல் மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில், குளிர்ந்த மலையில் இருக்கிறது. அங்கே செழிக்கும் மரம் செங்கற்பட்டு ஜில்லாவின் செம்மண்ணிலும் சித்திரை வெயிலிலும் நிற்காது. சமவெளிக் குடியானவருக்கு வேண்டிய பாடம் சமவெளியிலேயே இருக்கிறது. அதற்குத் தாம்பரம் போதும்.

தாம்பரம் ரயில் நிலையத்திற்கு அருகே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகம் இருக்கிறது. சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்து அக்கல்லூரி 1937-இல் இங்கு மாறிற்று. வளாகம் சுமார் 365 ஏக்கர் பரப்புள்ளது. கட்டிடங்கள் எழுந்தபோதும் பழைய சேலையூர்க் காட்டின் முட்புதர்க்காடு முழுவதும் அழிக்கப்படாமல் காப்பாற்றப்பட்டது. அங்கே ரஸாயன ஆசிரியராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவர ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர். அவர் பெயரால் வழங்கும் தாவர இனங்களும் உண்டு. அவரும் அவர் மனைவியார் ஆலிஸ் பார்ன்ஸும் வளாகத்தின் மரஞ்செடிகளில் மிகுந்த ஊக்கம் காட்டினர். இதனால் இயற்கையாய் வளர்ந்த நாட்டு மரங்களையும், பின்னர் நட்டு வளர்த்த வெளிநாட்டு மரங்களையும் ஒரே மண்ணில் அடுத்தடுத்துப் பார்க்கக்கூடிய அரிய இடமாக அது விளங்குகிறது.

இதன் அருமை சுற்றுப்புறத்தைப் பார்த்தால் விளங்கும். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் முதலியவை ஒரு காலத்தில் ஏரிப் பாசனக் கிராமங்கள். இன்று அவை 2021-இல் ஏற்பட்ட தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிவிட்டன, வயல்கள் மனைகளாயின. இம்மண்ணுக்கு எந்த மரம் உரியது என்று அங்குள்ள தெருக்களைக் கேட்டால் பதில் கிடையாது. வளாகத்துக் காடும், மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காடும், வண்டலூர்க் குன்றுகளுமே பதில் சொல்லக்கூடிய சாட்சிகள்.

அக்காடு என்ன சொல்லுகிறது? சோழமண்டலக் கரையோரத்திற்கு உரிய காட்டைத் தாவர சாஸ்திரிகள் உலர் பசுமைமாறாக் காடு என்பர். நமக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு தை முதல் ஆனி வரையில் பெரும்பாலும் வறட்சியே. இந்த வறட்சியிலும் இலை உதிராமல் நிற்கும் பாலை, வீரை, காயா, காட்டெலுமிச்சை, நாவல் முதலிய மரங்கள் இவ்வகைக் காட்டுக்கு உரியவை. இவற்றில் பலவற்றின் இலை சிறிதாகவும் தோல்போல் தடித்தும் இருப்பதால் நீர் வீணாவதில்லை. வளர்ச்சி மெதுவே, ஆனால் கட்டை வைரம். நீர் வார்க்க ஆளில்லாத புறம்போக்கிற்கும் கல்லாங்குத்துக்கும் இவற்றைவிட ஏற்றவை வேறென்ன? எனினும் இவற்றின் கன்றுகள் சாதாரண நாற்றுப் பண்ணைகளில் எளிதில் அகப்படுவதில்லை. கேட்பாரில்லாததால் வளர்ப்பாரில்லை, கண்டவரில்லாததால் கேட்பாரில்லை.

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையைத் தாக்கிய வர்தா புயல் இதற்கு ஒரு பரீக்ஷையாக அமைந்தது. நகரத்துச் சாலைகளிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. நிழலுக்கும் பூவுக்குமாகச் சாலையில் வைத்த மயிற்கொன்றை, இயல்வாகை முதலிய வெளிநாட்டு மரங்கள் அவற்றில் மிகுதி. தலை பரந்து, கட்டை மெலிந்து, வேர் மேலாக ஓடும் மரம் பெருங்காற்றைத் தாங்காது. ஆயினும் நாட்டு மரம் எதுவும் விழாது என்று சொல்வது நியாயமாகாது. அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்திலுள்ள புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரமே 1989-இல் காற்றில் விழுந்தது. ஆனால் அதன் விழுதுகள் ஊன்றி நின்றமையால் மரம் இன்றும் வாழ்கிறது. எந்த மரம் விழும், எது விழுந்தும் பிழைக்கும் என்பதை நாற்றுப் பண்ணைக் கன்றைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. முதிர்ந்த மரமே சொல்லும்.

ஆகவே, பார்க்கச் செல்வோர் கீழ்க்கண்டபடி செய்தல் நலம். முதலாவது, ஒரு முறையல்ல, இரு முறை செல்லவேண்டும்: சித்திரை வைகாசியில் ஒரு முறை, நீர் வார்க்காமலே பசுமையாய் நிற்பது எது என்று அறிய, மார்கழியில் ஒரு முறை, மழைக்கும் காற்றுக்கும் தாங்கியது எது என்று அறிய. கல்லூரி வளாகம் தனி ஸ்தாபனத்தைச் சேர்ந்ததாதலால், முன்கூட்டி எழுதி அனுமதி பெற்று, பத்துப் பேராகச் சேர்ந்து செல்வது முறை. இரண்டாவது, ஒவ்வொரு மரத்தடியிலும் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். இதன் சொந்த ஊர் எது? வயது எவ்வளவு, அந்த வயதுக்கு அடிமரத்தின் சுற்றளவு எவ்வளவு? இதன் நிழலிலும் வேரெல்லையிலும் புல் முளைக்கிறதா, இல்லையா? இதன் விதை தானாக விழுந்து கும்பல் கும்பலாக முளைக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை, வரப்பில் வைக்கத் தகுமா என்பதைக் காட்டும். நான்காவதற்கு விடை, நாளை அது களையாகுமா என்பதைக் காட்டும். மூன்றாவது, கிளை ஒடித்தும் விதை பொறுக்கியும் வரலாகாது; பெயரை மாத்திரம் குறித்துவந்து, வனத்துறை அல்லது தோட்டக்கலைத் துறை வழியாகக் கன்று கேட்பதே நேர்மையான வழி.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டில் காடும் மரமும் சூழ்ந்த பரப்பைப் பத்து வருஷங்களில் 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்துடன், பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் வண்டலூரிலேயே துவக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு எழுதுவது எளிது. என்ன கன்று, எந்த இடத்தில், எதற்காக என்ற கணக்கே கடினம். ஊருக்குப் பயன்படுவதும் அதுவே. ஏரிக்கரைக்கு எது, சுடுகாட்டுக்கு எது, பள்ளிக்கூடத்து முற்றத்திற்கு எது என்று தாமே பார்த்தறிந்த உத்தியோகஸ்தர், வந்த கன்றை வாங்கி வைக்கமாட்டார். வேண்டிய கன்றைக் கேட்டு வாங்குவார். ஊரார் பணமும் உழைப்பும் வீணாகாமலிருப்பது அவர் வாயைத் திறந்து கேட்பதில் இருக்கிறது.

தோட்டங்களை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. லத்தீன் பெயர் எழுதிய பலகை மாணவனுக்கு உதவும், குடியானவருக்கு உதவாது. தமிழ்ப் பெயர், சொந்த நாடு, நட்ட வருஷம், தண்ணீர் தேவை, எதற்கு ஆகும் என்ற ஐந்தும் தெளிந்த தமிழில் எழுதியிருந்தால், அந்தப் பலகையே ஒரு பிரசங்கியாகும். வருஷத்தில் சில நாட்களையாவது விவசாயிகளுக்கென்று ஒதுக்கி, விவரம் சொல்ல ஒருவரை அமர்த்தினால், பூங்காவுக்குச் செலவாகும் பொதுப்பணம் வயலுக்கும் வந்து சேரும்.

'நிலத்தின் விலை ஏறிவரும் இக்காலத்தில் மரம் பார்க்கப் போவதற்கு எவருக்கு அவகாசம்?' என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு நாள் பிரயாணமும் ரயில் கட்டணமும்தான் செலவு. தவறான மரத்தை வேரோடு பெயர்த்தெடுக்க ஏக்கருக்கு ஆகும் செலவைச் சீமைக் கருவேலத்தோடு போராடியவர்களிடம் கேட்டால், எது மலிவு என்பது விளங்கும்.

மேலும், இது நமக்குப் புதிய வழக்கமன்று. கோயிலுக்கொரு தலவிருக்ஷம் வைத்ததும், ஐயனார் காட்டில் கத்தி வைக்கலாகாது என்று விதித்ததும் நம் முன்னோர்களே. விழுப்புரம் ஜில்லாவில் புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு, நாம் மேலே சொன்ன உலர் பசுமைமாறாக் காட்டின் மாதிரியை இன்றும் காட்டி நிற்கிறது. ஆகையால் ஒவ்வொரு ஊரிலும் பத்து சென்ட் புறம்போக்கை ஒதுக்கி, அந்த மண்ணுக்குரிய இருபது ஜாதி மரங்களை ஜாதிக்கு ஒன்றாக நட்டு, பெயரும் வருஷமும் எழுதிய பலகை வைப்பார்களாயின், அதுவே அவ்வூரின் விருக்ஷத் தோட்டமாகும். பிற்காலத்தில் விதை கொடுக்கும் பண்டகசாலையுமாகும். அதற்கு முதல் விதையும் முதல் அறிவும் தாம்பரத்துக் காடு போன்ற எஞ்சிய இடங்களிலிருந்தே வரவேண்டும். அவை இருக்கும்போதே சென்று பார்த்துவருவது ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் தம் பின்சந்ததிக்குச் செய்யவேண்டிய கடமையாகும்.