படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேட்போம்



நோன்பு வந்தால் எங்கள் ஊர்ப் பேஸ்புக் பக்கங்களில் ஒரே மாதிரியான படம் நிறைந்துவிடும். ஒரு பக்கம் கொடுப்பவர், மறுபக்கம் வாங்குபவர், நடுவில் உலர் உணவுப் பொதி. கொடுப்பவர் கெமராவைப் பார்ப்பார். வாங்கும் ராத்தா நிலத்தைப் பார்ப்பார். அந்த ராத்தாவின் மகள் மறுநாள் வகுப்பில் எங்களுக்கு முன்னால் இருப்பாள். அவளுடைய கூட்டாளிமாரின் வீட்டுப் போன்களிலும் அந்தப் படம் இருக்கும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் நெடுநாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஏசி எழுதுவது லேசு. படம் எடுப்பதில் பேர் பெற்றவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கும் பிரயோசனமாக இருக்கும் என்று பட்டது. இன்று தரம் 8 பிள்ளையின் கையிலும் கெமரா இருக்கிறதே.

கெமராவின் கதையில் நமக்கும் பங்குண்டு. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் வருடங்களுக்கு முன் கெய்ரோவில் இருந்துகொண்டு ‘கிதாபுல் மனாழிர்’ எழுதினார். பொருளில் பட்டு வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் பார்க்கிறோம் என்று விளக்கினார். இருண்ட அறைக்குள் சிறு துவாரத்தால் ஒளி நுழைவதை வைத்துச் சோதனைகள் செய்தார். உருவப்படம் கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைத் தீர்க்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எடுப்பதென்றால் என்ன ஒழுக்கத்தோடு எடுப்பது என்பதே எங்கள் கேள்வி.

முதலில் இயற்கைக் காட்சி. நம் நாட்டில் இதற்கு நிஹால் பெர்னாண்டோவைச் சொல்ல வேண்டும். 1927இல் பிறந்து 2015இல் காலமானவர். 1963இல் கொழும்பில் ‘ஸ்டூடியோ டைம்ஸ்’ தொடங்கியவர். காடும் குளமும் யானையும் பழைய இடிபாடுகளும் அவருடைய உலகம். அவருடைய படங்களைப் பார்த்தால் அவசரம் தெரியாது. வெளிச்சம் சரியாகும் வரைக்கும் காத்திருந்த ஒரு மனிதர் தெரிவார். எதை நேசித்தாரோ அதையே எடுத்தார். அது அழிந்துபோகக் கூடாது என்பதற்காகவும் எடுத்தார்.

நம் வாவியை நாம் எப்படி எடுக்கிறோம்? கல்லடிப் பாலத்துக்கு மேலே ட்ரோனை ஏற்றி, நீலத்தைக் கொஞ்சம் கூட்டி, பச்சையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுகிறோம். ஆயிரம் லைக் வரும். அந்த உயரத்தில் ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பொலித்தீன் தெரியாது. வெட்டுப்பட்ட கண்டல் மரமும் தெரியாது. யாழ்ப்பாணத்துப் புகைப்படக்காரர் தர்மபாலன் திலக்சன், நம் பக்கத்து மாவட்டத்து ஒலுவிலில் குப்பை மேட்டுக்குப் போய், பொலித்தீனுக்குள் தீன் தேடும் காட்டு யானைகளை எடுத்தார். 2020இல் அந்தப் படங்களை உலகமே பார்த்தது. அதுவும் இயற்கைக் காட்சிதான். அழகானதை மட்டும் எடுத்தால் ஊரை நேசிக்கிறோம் என்று ஆகிவிடாது.

அடுத்தது முகம். ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பெண்மணிக்கு 48 வயதில்தான் முதல் கெமரா கிடைத்தது, மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக. அவர் எடுக்கும் படத்துக்குச் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். அவர் எடுத்த முகங்கள் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருந்து மூச்சு விடுவதுபோல் இருக்கும். டார்வினையும் கவிஞர் டெனிசனையும் எடுத்த அவர் 1875இல் இலங்கைக்கு வந்தார். களுத்துறையிலும் மலைநாட்டிலும் இருந்து நம் நாட்டு மக்களையும் எடுத்தார். 1879இல் இங்கேயே மரணித்தார். பொகவந்தலாவையில் அவருடைய கப்று இருக்கிறது.

ஒரு விஷயம் கவனியுங்கள். இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குப் பேர் இருக்கிறது. இலங்கையில் எடுத்த படங்களில் உள்ளவர்கள் பெரும்பாலும் ‘களுத்துறைக் குடியானவர்கள்’, ‘இலங்கைப் பெண்’ என்றே அறியப்படுகிறார்கள். அவ்வளவு அன்போடு முகத்தைப் பார்த்த ஒருவர்கூட ஏழையின் பேரைக் கேட்டு எழுதி வைக்கவில்லை. நாமும் ‘பயனாளி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமே, அந்தப் பழக்கம் பழையது.

மூன்றாவது தெரு. பிரான்சின் ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸோன் சிறிய லைக்கா கெமராவோடு தெருவில் நடந்தார். அதன் பளபளப்பு யாருடைய கண்ணையும் உறுத்தாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டினார். மனிதர், வெளிச்சம், அசைவு மூன்றும் ஒரு கணத்தில் கூடி வரும்போது மட்டும் பொத்தானை அமுக்கினார். இந்தியாவின் ரகு ராயை 1977இல் மேக்னம் அமைப்புக்குப் பரிந்துரைத்தவரும் அவரே. 1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, மண்ணுக்குள் புதைபடும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்த எவரும் மறக்கமாட்டார்.

‘அப்படியென்றால் அதுவும் பாதிக்கப்பட்டவரின் முகம்தானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் படம் ஒரு கம்பனியின் குற்றத்துக்குச் சாட்சி. பொதிப் படம் எதற்குச் சாட்சி? கொடுத்தவரின் கொடைக்கு. தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் பாழாக்கிவிட வேண்டாம் என்று சூரத்துல் பகரா நம்மை எச்சரிக்கிறது. கணக்குக் காட்ட வேண்டும், வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பியவருக்கு ஆதாரம் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். அடுக்கிய பொதிகளை எடுங்கள், பில்லை எடுங்கள், கையொப்பப் பட்டியலைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுங்கள். முகம் எதற்கு?

இன்னொரு பாடம் வெலிகமப் பக்கம் இருந்து. ஸ்டீவ் மெக்கரி 1995இல் கம்பில் குந்தி மீன் பிடிப்பவர்களை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. இன்று அந்தக் கரையில் சுற்றுலாப் பயணி காசு கொடுத்தால் படத்துக்காகவே கம்பில் ஏறி இருக்கிறார்கள். ஏறுபவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் நம் வாவியில் வீச்சுவலை வீசும் காக்காவிடம் ‘இன்னொருக்கா வீசுங்க, வெளிச்சம் சரியில்ல’ என்று கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்வோம்.

நம்மைப் பற்றிய படங்களை எப்போதும் வெளியே இருந்து வருபவர்களே எடுத்தால், நாம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அளவில்தான் உலகத்துக்குத் தெரிவோம். 2019க்குப் பிறகு இதை நாம் நன்றாக அனுபவித்தோம். வங்காளதேசத்தின் ஷஹிதுல் ஆலம் வாழ்நாள் முழுக்கச் சொல்வதும் இதுதான். 1989இல் ‘த்ரிக்’ நிறுவனத்தையும் 1998இல் ‘பாட்ஷாலா’ என்ற புகைப்படப் பள்ளிக்கூடத்தையும் தொடங்கி, தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் ஒரு தலைமுறையை உருவாக்கினார். 2018இல் மாணவர் போராட்டம் பற்றிப் பேசியதற்காக 100 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார்.

படம் நமக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் ஷஹீதானவர்களின் குடும்பங்களை நினையுங்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்திருப்பதுதான் சில வீடுகளில் வாப்பாவின் ஒரே முகம். 2004 சுனாமி எத்தனை வீடுகளின் அல்பங்களைக் கொண்டுபோனது! ஒரு முகத்தின் பெறுமதி நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆகவே நாங்கள் கேட்பது நான்கே விஷயம். ஒருவரை எடுக்க முன் ‘எடுக்கட்டா?’ என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் போனைப் பொக்கற்றில் போடுங்கள். உதவி வாங்குபவரின் முகத்தைப் போடாதீர்கள், ஏற்கனவே போட்டதை அழித்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய ஸ்டூடியோப் படங்களின் பின்னால் உம்மம்மாவிடம் கேட்டுப் பேரையும் ஊரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அவர் இருக்கும்போதே எழுதுங்கள்.

நாலாவது, பெற்றோருக்கு. பிள்ளை போனோடு ஆற்றங்கரைக்குப் போனால் உடனே ஏசாதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். ஒரு கொக்கு இறங்கும் வரைக்கும் அரை மணித்தியாலம் பொறுமையாக இருக்கப் பழகிய பிள்ளை, ஒரு மனிதரின் முகத்தின் முன்னும் பொறுமையாக இருக்கும்.

வருகிற நோன்பில் நமது பக்கங்களில் பொதிகள் மட்டும் தெரியட்டும், இன்ஷா அல்லாஹ். அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து வகுப்புக்கு வரட்டும்.