கல் கடவுளான கதை

தாம்பரத்திலிருந்து பரங்கிமலைக்கு ரயிலில் போகிற தோழர்கள் பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கருங்கல் குன்றுகளைத் தினமும் பார்க்கிறார்கள். அவை எப்படி உண்டாயின என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அதே கல் ஓரிடத்தில் உருண்டையாய்க் கிடந்து விட்டால் போதும், அது "சுயம்பு" ஆகி விடுகிறது. மஞ்சள் பூசுகிறார்கள், கற்பூரம் கொளுத்துகிறார்கள், பின்னாலேயே ஓர் உண்டியலும் வந்து விடுகிறது.

கும்பிடுவதற்கு முன் அந்தக் கல்லைச் சற்று உற்றுப் பார்க்கக் கூடாதா என்பதே நமது கேள்வி.

இக்குன்றுகளின் கல்லில் புதிதாய் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். கருமையும் பச்சையும் கலந்த சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவினாற்போல் மினுக்கும். அதிலுள்ள படிகம் வெண்மையாய் இராமல் பெரும்பாலும் நீலம் பாய்ந்திருக்கும். ஹைப்பர்ஸ்தீன் என்ற கரிய தாதுவும் அதில் உண்டு. இதற்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, அது நமது பல்லாவரம், பரங்கிமலைக் கல்லின் இனமே என்று கண்டு, 1893-ல் இப்பெயரை இட்டார். எந்த அசரீரியும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. இரண்டு கற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார், விஷயம் தெரிந்தது.

இக்கல் சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன், பூமிக்குள் பல மைல் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஈரம் மிகக் குறைந்த நிலையில் உண்டானது. மேலே கிடந்த பாறைகளெல்லாம் மழையாலும் காற்றாலும் தேய்ந்து போன பிறகே வெளியே தலை காட்டிற்று.

அப்படியானால் உருண்டை வடிவம் எப்படி வந்தது? பாறையில் குறுக்கும் நெடுக்குமாய் வெடிப்புகள் விழுகின்றன. அவற்றில் மழைநீர் இறங்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கலந்த அந்நீர், கல்லின் ஒரு பகுதியைக் களிமண்ணாக்குகிறது. தட்டையான பக்கத்தை ஒரு புறமிருந்து தாக்கும் நீர், முனையை மூன்று புறமிருந்தும் தாக்குகிறது. ஆகவே முனைகளே முதலில் மழுங்குகின்றன. வெங்காயத் தோல்போல் மேல்பரப்பு உரிகிறது, மண் அரித்துப் போகிறது, உருண்டை மிஞ்சுகிறது. தெற்கே மாமல்லபுரத்துச் சரிவில், கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டை என்று காட்டப்படும் பெரும் பாறையும் இப்படி உருவானதுதான். பாறையைக் குடைந்து கோவில் செய்த சிற்பிகளின் ஊரிலேயே இப்படியொரு கதை வழங்குவது வேடிக்கையல்லவா?

இதெல்லாம் வெறும் கல் விஷயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். வெறும் கல் விஷயமல்ல. வெயிலில் நின்று பாறையை உடைத்தவன் உழைப்பாளி. அதைச் செதுக்கி உருவமாக்கியவனும் உழைப்பாளி. அது கோவிலுக்குள் போனவுடன், தாழ்த்தப்பட்ட தோழன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். அந்தக் கதவுகளைத் திறக்க 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. மழையும் வெயிலும் செய்ததைத் தெய்வச் செயலென்று நம்பினவன், மனிதன் செய்த தீண்டாமையையும் தெய்வச் செயலென்றே நம்பினான். இதுதான் நமது கவலை.

பரங்கிமலையில் இப்பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிவித்திருக்கிறது. தோழர்களே! உங்கள் குழந்தைகளை அங்கே அழைத்துக்கொண்டு போங்கள். கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கப் பழக்குங்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளை தன்னை எவனாவது வாசலில் நிறுத்தினால் அங்கேயும் "ஏன்?" என்று கேட்பான்.